ஹெபடைடிஸ் சி-யும் லிம்ஃபோமாவும்: கல்லீரல் வைரஸுக்கு நிணநீர்ப் புற்றுநோயில் என்ன வேலை?

ஹெபடைடிஸ் சி என்றதும் எல்லோருக்கும் கல்லீரல்தான் நினைவுக்கு வருகிறது. அது நியாயமும்கூட. அந்த வைரஸ் பெருகுவது பெரும்பாலும் கல்லீரல் செல்களில்தான். அது பறிக்கும் உயிர்களில் பெரும்பாலானவை கல்லீரல் இறுக்க நோயாலும் கல்லீரல் புற்றுநோயாலும் போகின்றன. அதனால்தான், கழுத்தில் நெறி கட்டி, லிம்ஃபோமா என்று உறுதியான ஒருவருக்கு மருத்துவர் ஹெபடைடிஸ் சி பரிசோதனை எழுதிக் கொடுக்கும்போது குடும்பத்தினர் குழம்பிப் போகிறார்கள். கல்லீரலில் ஒன்றும் இல்லையே, இது எதற்கு என்று கேட்கிறார்கள். இன்னொரு பக்கம், ஹெபடைடிஸ் சி இருப்பதாகத் தெரிந்தவர்கள், இந்த வைரஸ் நிணநீர்ப் புற்றுநோயையும் வரவழைக்கும் என்று எங்கோ படித்துவிட்டு உறக்கம் இழக்கிறார்கள்.

இந்தத் தொடர்பு உண்மைதான். ஆனால் தனி ஒருவருக்கு அதனால் கூடும் ஆபத்து சிறியது. இரு தரப்பினரும் தெரிந்துகொள்ள வேண்டிய வேறொரு செய்தி இருக்கிறது: வைரஸை ஒழித்தாலே சில லிம்ஃபோமாக்கள் கீமோதெரபி இல்லாமல் சுருங்கிவிடுகின்றன. புற்றுநோய் மருத்துவத்தில் இப்படியொரு வாய்ப்பு அரிது. அதைப் பலர் தவறவிடுவதற்கு ஒரே காரணம், தேடிப் பார்க்காததுதான்.

வைரஸ் எது, புற்றுநோய் எது

ஹெபடைடிஸ் சி ரத்தத்தின் வழியாகப் பரவும் ஆர்.என்.ஏ வைரஸ், அதாவது தன் மரபணுத் தகவலை டி.என்.ஏ-வில் அல்லாமல் ஆர்.என்.ஏ-வில் வைத்திருப்பது. ஒருவருக்குப் போட்ட ஊசியை இன்னொருவருக்குப் போடுவது, பரிசோதிக்காத ரத்தத்தை ஏற்றுவது, சரியாகக் கிருமி நீக்கம் செய்யாத மருத்துவக் கருவிகள், போதை ஊசியைப் பகிர்ந்துகொள்வது ஆகியவை முக்கியமான வழிகள். தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவலாம். உணவு, தண்ணீர், கட்டித் தழுவுதல், தாய்ப்பால் ஆகியவற்றால் பரவாது.

1970-களில் ரத்தம் ஏற்றியவர்களுக்கு வந்த மஞ்சள் காமாலையில் பெரும்பகுதி ஏ வகையாகவும் இல்லை, பி வகையாகவும் இல்லை என்பதை ஹார்வி ஆல்டர் குழுவினர் காட்டினார்கள். அந்த வைரஸ் எது என்று 1989-இல் மைக்கேல் ஹௌட்டன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். இருவருக்கும், சார்லஸ் ரைஸுக்கும் 2020-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஏறத்தாழ 5 கோடிப் பேர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள். ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் பேருக்குப் புதிதாகத் தொற்றுகிறது. தடுப்பூசி இதுவரை இல்லை.

தொற்றியவர்களில் ஏறத்தாழ 30 சதவீதத்தினரின் உடல் தானாகவே 6 மாதங்களுக்குள் வைரஸை வெளியேற்றிவிடும். மற்றவர்களிடம் அது நாள்பட்ட தொற்றாகத் தங்குகிறது. இருபது, முப்பது ஆண்டுகள்கூட எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கும். லிம்ஃபோமா வேர் விடுவது இந்த நீண்ட காலத்தில்தான்.

லிம்ஃபோமா என்பது லிம்ஃபோசைட் என்ற வெள்ளை அணுக்களில் தோன்றும் புற்றுநோய். இந்த அணுக்கள் நிணநீர்க் கணுக்கள், மண்ணீரல், எலும்பு மஜ்ஜை, ரத்தம் என உடல் முழுவதும் உலவுபவை. ஆகவே இந்தப் புற்றுநோய் எங்கு வேண்டுமானாலும் தலைகாட்டலாம். லிம்ஃபோசைட்டுகளில் பி செல், டி செல் என இரு பெரும் பிரிவுகள் உண்டு. கிருமிகளுக்கு எதிரான ஆன்டிபாடிகளைச் செய்வது பி செல்களின் வேலை. ஹெபடைடிஸ் சி-யோடு தொடர்பு உறுதியாகியிருப்பது, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்ஃபோமா என்ற பெரும் குடும்பத்தில் பி செல்களிலிருந்து தோன்றும் சில வகைகளுக்குத்தான்:

1. மார்ஜினல் ஸோன் லிம்ஃபோமா. மெதுவாக வளர்வது. மண்ணீரலில் தோன்றும் உட்பிரிவு இதில் முக்கியமானது.
2. லிம்ஃபோபிளாஸ்மாசைட்டிக் லிம்ஃபோமா. இதுவும் மெதுவானது, வால்டன்ஸ்ட்ராம் நோய் இதில் சேரும்.
3. டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் லிம்ஃபோமா. வேகமாக வளர்வது, உடனடி சிகிச்சை தேவைப்படுவது.

பரவலாகக் காணப்படும் ஃபாலிகுலர் லிம்ஃபோமாவுக்கு இப்படிப்பட்ட தொடர்பு பெரிய ஆய்வுகளில் தென்படவில்லை. எல்லா வகைகளும் ஒரே அளவில் கூடியிருந்தால், மருத்துவமனைக்கு அடிக்கடி வருபவர்களிடம் இரு நோய்களும் சேர்ந்து கண்ணில் பட்டிருக்கலாம் என்று ஒதுக்கிவிட முடியும். குறிப்பிட்ட சில வகைகள் மட்டும் கூடுவதால்தான் இதற்குப் பின்னால் ஓர் உயிரியல் காரணம் இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

சந்தேகம் பிறந்த இடம்

காலில் ஊதாப் புள்ளிகள், மூட்டு வலி, தீராத அசதி. இந்த மூன்றும் சேர்ந்து வரும் ஒரு நோயை மருத்துவர்கள் வெகுகாலமாக அறிவார்கள். கலப்பு கிரையோகுளோபுலினீமியா என்று அதற்குப் பெயர். ரத்தத்தில் உள்ள சில ஆன்டிபாடிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, குளிர்ந்த நிலையில் படிந்து, சிறு ரத்தக் குழாய்களை அழற்சிக்கு உள்ளாக்குவதுதான் நோய். சிறுநீரகமும் நரம்புகளும் பாதிக்கப்படலாம். காரணம் என்ன என்பது மட்டும் பல பத்தாண்டுகள் தெரியாமல் இருந்தது.

ஹெபடைடிஸ் சி-க்கான பரிசோதனை வந்ததும் விடை கிடைத்தது: இந்த நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு அந்த வைரஸ் இருந்தது. இவர்களில் நூற்றுக்கு 5 முதல் 10 பேருக்குக் காலப்போக்கில் லிம்ஃபோமா வருகிறது என்பதும் தெரிந்த செய்தி. இரண்டையும் இணைத்துப் பார்த்த இத்தாலிய ஆய்வாளர்கள், லிம்ஃபோமா நோயாளிகளிடமே நேரடியாக வைரஸைத் தேடினார்கள். 1994-இல் வெளிவந்த முடிவுகளில், பொதுமக்களிடம் இருப்பதைவிட மிகக் கூடுதலான அளவில் அவர்களிடம் தொற்று இருந்தது.

அதே 1994-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, கல்லீரல் புற்றுநோயைக் காரணமாகக் காட்டி ஹெபடைடிஸ் சி-யை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. 2009-இல் மறுபடி ஆராய்ந்தபோது, ஹாட்ஜ்கின் அல்லாத லிம்ஃபோமாவுக்கும் போதுமான சான்று உண்டு என்று தீர்மானித்தது.

ஆபத்து எவ்வளவு?

செய்திகள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். வெவ்வேறு ஆய்வுகள் வெவ்வேறு எண்களைச் சொல்கின்றன.

2007-இல் அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினரைப் பற்றி வெளிவந்த ஆய்வில், தொற்று உள்ள 1,46,000-க்கும் மேற்பட்டவர்கள், தொற்று இல்லாத 5,72,000-க்கும் மேற்பட்டவர்களோடு ஒப்பிடப்பட்டார்கள். ஹாட்ஜ்கின் அல்லாத லிம்ஃபோமா தொற்று உள்ளவர்களிடம் 28 சதவீதம் கூடுதலாக இருந்தது. வால்டன்ஸ்ட்ராம் நோய் ஏறத்தாழ 2.8 மடங்கு. 2008-இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, மொத்தத்தில் 1.8 மடங்கு, மேலே சொன்ன மூன்று வகைகளுக்கு மட்டும் 2.2 முதல் 2.6 மடங்கு என்று வந்தது. இத்தாலி, ஜப்பான் போன்ற இடங்களில் நடந்த தனி ஆய்வுகள் இதைவிடப் பெரிய எண்களைக் காட்டின.

ஏன் இந்த வேறுபாடு? என் பார்வையில் முதல் காரணம் தொற்றின் வயது. இத்தாலியிலும் ஜப்பானிலும் மருத்துவ ஊசிகள் வழியாக இந்த வைரஸ் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பரவிவிட்டது. ஆய்வுக்கு வந்த முதியவர்கள் அதை அரை ஆயுள் சுமந்தவர்கள். அமெரிக்க ஆய்வில் இருந்தவர்கள் வயதில் இளையவர்கள். அவர்களைப் பின்தொடர்ந்த காலமும் குறைவு. பத்து, இருபது ஆண்டுகள் எடுக்கும் ஒரு நிகழ்வைச் சில ஆண்டுகளில் அளந்தால் எண் சிறியதாகத்தான் வரும்.

இரு மடங்கு என்ற சொல் அச்சமூட்டுகிறது. அது எதன் இரு மடங்கு என்று பார்க்க வேண்டும். கணக்குக்காக, ஒரு சமூகத்தில் ஆண்டுக்கு 10,000 பேரில் 2 பேருக்கு இந்த வகைப் புற்றுநோய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இரு மடங்கு என்றால் 4 பேர். மீதி 9,996 பேருக்கு அந்த ஆண்டில் அது வரவில்லை. ஹெபடைடிஸ் சி உள்ள ஒருவர் முதலில் கவலைப்பட வேண்டியது கல்லீரலைப் பற்றித்தான்; லிம்ஃபோமா அதற்குப் பின்னால், வெகுதூரத்தில் நிற்கிறது. ஆனால் ஏற்கெனவே பி செல் லிம்ஃபோமா வந்துவிட்ட ஒருவருக்கு இந்தக் கணக்கு தலைகீழாகிறது. அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: தனக்கு வந்த நோயைத் தூண்டியது இந்த வைரஸா?

டி.என்.ஏ-வைத் தொடாமலே எப்படி?

புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ்களில் சில, தம் மரபணுவை மனித செல்லின் மரபணுவுக்குள்ளேயே செருகிவிடும். ஹெபடைடிஸ் பி அதைச் செய்கிறது. ஹெபடைடிஸ் சி-யால் அது முடியாது. அது ஆர்.என்.ஏ-வாகவே வாழ்ந்து, செல்லின் உட்கருவுக்கு வெளியே பெருகி, டி.என்.ஏ வடிவத்தை எடுக்காமலே போகிறது. அப்படியானால் புற்றுநோய் எப்படி? மூன்று விளக்கங்கள் உள்ளன. இவை ஒன்றையொன்று மறுப்பவை அல்ல. ஒரே நோயாளியிடம் மூன்றும் சேர்ந்து நடக்கலாம்.

1. ஓயாத தூண்டுதல். கிருமி ஒன்று நுழைந்ததும், அதை அடையாளம் காணும் பி செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. கிருமி அழிந்ததும் அந்தப் பெருக்கம் அடங்கிவிடும். இது இயல்பு. ஹெபடைடிஸ் சி அழிவதில்லை. தன் மேலுறைப் புரதத்தை ஓயாமல் மாற்றிக்கொண்டே தப்பிக்கிறது. ஆகவே பி செல்கள் ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கின்றன. ஒவ்வொரு முறை செல் பிரியும்போதும் டி.என்.ஏ முழுவதும் படியெடுக்கப்படுகிறது. ஒரு நூலைக் கையால் படியெடுத்துக்கொண்டே போனால் எழுத்துப் பிழைகள் சேர்வதைப் போலத்தான் இதுவும். அதிலும் பி செல்களுக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. மேலும் பொருத்தமான ஆன்டிபாடியைச் செய்வதற்காக, அவை தம் ஆன்டிபாடி மரபணுக்களை வேண்டுமென்றே வெட்டி மாற்றிக்கொள்கின்றன. அந்த வெட்டு தவறான இடத்தில் விழுந்தால், கட்டுப்பாடற்ற வளர்ச்சிக்கு வழி திறந்துவிடும்.

2. தூண்டும் எல்லை தாழ்வது. வைரஸின் மேலுறையில் இ2 என்ற புரதம் இருக்கிறது. பி செல்லின் மேற்பரப்பில் உள்ள சிடி81 என்ற புரதத்தோடு அது ஒட்டிக்கொள்ளும். சிடி81 தனியாக இருப்பதில்லை. சிடி19, சிடி21 ஆகியவற்றோடு சேர்ந்து, பி செல் எவ்வளவு எளிதில் விழித்தெழ வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கூட்டமைப்பில் அங்கம் வகிக்கிறது. அதில் வைரஸ் கை வைத்தால், சாதாரணமாகப் பொருட்படுத்தாத சிறு தூண்டுதலுக்கும் பி செல் எழுந்து பெருகும். இதோடு, பி செல்களை வாழவைக்கும் பாஃப் என்ற புரதத்தின் அளவும் நாள்பட்ட தொற்றில் உயர்கிறது. சாக வேண்டிய செல்கள் சாகாமல் தங்கிவிடுகின்றன.

3. உள்ளே புகுந்து சேதம் செய்வது. வைரஸ் பி செல்லுக்குள் நுழைந்து, டி.என்.ஏ-வில் முறிவுகளை ஏற்படுத்தி, பிறகு மறைந்துவிடலாம். சேதம் மட்டும் நிலைத்துவிடும். ஆய்வகத்தில் தொற்றுக்கு உள்ளாக்கிய செல்களில் மரபணு மாற்றங்கள் பல மடங்கு கூடியதை 2004-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பி செல்களில் வைரஸின் மரபணுக்களைச் செயல்பட வைத்த எலிகளில் சுமார் நான்கில் ஒரு பங்குக்கு லிம்ஃபோமா வந்ததை 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள்.

மூன்றில் எதற்குச் சான்று வலுவானது? முதலாவதற்கே என்பேன். கோடிக்கணக்கான ஆன்டிபாடிகளைச் செய்யும் திறன் மனித உடலுக்கு இருக்கிறது. அப்படியிருந்தும், ஹெபடைடிஸ் சி-யோடு வரும் லிம்ஃபோமாக்களில் திரும்பத் திரும்ப ஒரே சில ஆன்டிபாடி மரபணுக்கள் தென்படுகின்றன. விஎச் 1-69 என்பது அவற்றில் முக்கியமானது. கிரையோகுளோபுலினீமியா நோயாளிகளின் செல்களிலும், இ2 புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடிகளிலும் அதே மரபணு காணப்படுகிறது. வெவ்வேறு நாடுகளில், ஒருவரையொருவர் அறியாத நோயாளிகளின் கட்டிகள் இப்படி ஒரே முகத்தோடு இருப்பது தற்செயலாக நடக்காது. ஒரே தூண்டுதல் அவற்றை வளர்த்திருக்க வேண்டும்.

வைரஸ் போனால் புற்றுநோய் போகுமா?

தூண்டுதல்தான் காரணம் என்றால், தூண்டுதலை நிறுத்திப் பார்ப்பதே உரைகல். இதற்கு ஒரு முன்மாதிரி இருந்தது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவோடு தொடர்புடைய ஒரு வகை இரைப்பை லிம்ஃபோமா, ஆன்டிபயாட்டிக் கொடுத்ததும் மறைவதை 1993-இல் பிரிட்டிஷ் மருத்துவர்கள் காட்டியிருந்தார்கள்.

2002-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அதே கேள்வியை ஹெபடைடிஸ் சி-யிடம் கேட்டார்கள். மண்ணீரலைப் பாதிக்கும் ஓர் அரிய லிம்ஃபோமாவும் தொற்றும் சேர்ந்திருந்த 9 பேருக்கு, வைரஸை அடக்கும் இன்டர்ஃபெரான் மருந்தைக் கொடுத்தார்கள். வைரஸ் ரத்தத்திலிருந்து மறைந்த 7 பேருக்கு லிம்ஃபோமாவும் முற்றிலும் தணிந்தது. இன்டர்ஃபெரான் தானே புற்றுநோயைத் தாக்கியிருக்கலாமே என்ற கேள்வி எழும். அதற்காகவே, அதே லிம்ஃபோமா இருந்தும் தொற்று இல்லாத 6 பேருக்கும் அதைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒருவருக்கும் பலன் இல்லை. இன்னொன்றும் நடந்தது: குணமானவர்களில் ஒருவருக்கு வைரஸ் மறுபடி ரத்தத்தில் தென்பட்டது, லிம்ஃபோமாவும் திரும்பி வந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் காரண காரியத்தை இவ்வளவு தெளிவாகக் காட்டும் ஆய்வுகள் புற்றுநோய்த் துறையில் அதிகமில்லை.

தடுப்பு விஷயத்திலும் சான்று உண்டு. ஜப்பானில் சுமார் 3,200 நோயாளிகளைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், வைரஸ் நீடித்தவர்களில் 15 ஆண்டுகளுக்குள் 2.6 சதவீதத்தினருக்கு லிம்ஃபோமா வந்தது. சிகிச்சையால் வைரஸ் ஒழிந்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

இன்டர்ஃபெரான் கடினமான மருந்து. காய்ச்சல், மனச்சோர்வு, ரத்த அணுக்கள் குறைதல் என அதன் பக்கவிளைவுகள் பலரைப் பாதியில் நிறுத்தவைத்தன. 2013-இன் இறுதியில் சோஃபோஸ்புவிர் வந்த பிறகு நிலைமை மாறியது. வைரஸை நேரடியாகத் தாக்கும் இந்த வகை மாத்திரைகளை 8 முதல் 12 வாரங்கள் சாப்பிட்டால் 95 சதவீதத்துக்கும் மேலானோருக்குத் தொற்று நீங்குகிறது. இவற்றுக்கு இன்டர்ஃபெரானைப் போல நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தூண்டும் வேலை கிடையாது. ஆகவே இவற்றால் லிம்ஃபோமா சுருங்கினால், வைரஸ் போனதுதான் காரணம் என்று சொல்லலாம். மெதுவாக வளரும் லிம்ஃபோமாக்கள் முதலிய நோய்கள் இருந்த 46 பேரை வைத்து 2016-இல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ எல்லோருக்கும் தொற்று நீங்கியது. மூன்றில் இரண்டு பங்கினருக்கு லிம்ஃபோமாவும் பின்வாங்கியது.

மீதி ஒரு பங்கினருக்கு ஏன் இல்லை? சேர்ந்துகொண்டே போகும் மரபணுப் பிழைகள் ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால், கட்டி வளர வைரஸின் தூண்டுதல் தேவைப்படாது. தானே நிற்கக் கற்றுவிடும். எனவே தொற்றை எவ்வளவு சீக்கிரம் நீக்குகிறோமோ அவ்வளவு நல்லது.

சிகிச்சையின் வரிசை

மார்ஜினல் ஸோன் போன்ற மெதுவான வகை, உடனடித் தொல்லை எதுவும் இல்லை, ஹெபடைடிஸ் சி தொற்று உண்டு என்றால், வைரஸ் மருந்தையே முதல் சிகிச்சையாகக் கொடுப்பது இன்று ஏற்கப்பட்ட வழி. லிம்ஃபோமா சுருங்குகிறதா என்று மாதக்கணக்கில் கவனிப்பார்கள். போதவில்லை என்றால் மற்ற சிகிச்சைகள்.

வேகமான டிஃப்யூஸ் லார்ஜ் பி செல் வகையில் காத்திருக்க நேரமில்லை. பி செல்களைக் குறிவைத்துத் தாக்கும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்து சேர்ந்த கீமோதெரபியை உடனே தொடங்க வேண்டும். வைரஸ் மாத்திரைகளைக் கூடவே கொடுப்பதா, முடிந்ததும் கொடுப்பதா என்பது நோயாளியின் நிலையைப் பொறுத்தது. எப்படியும் கொடுக்க வேண்டும். ரிட்டுக்சிமாப் காலத்தில் வைரஸின் அளவு கூடலாம், கல்லீரல் பாதிக்கப்பட்டால் கீமோவே தடைபடலாம்.

இரண்டு வழிகளிலும் முன்கூட்டிச் செய்ய வேண்டியது ஹெபடைடிஸ் பி பரிசோதனை. சி வைரஸ் ஒழியும்போது, அடங்கிக் கிடந்த பி வைரஸ் தலைதூக்கலாம். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016-இல் இதற்காகவே கடும் எச்சரிக்கை விடுத்தது. ரிட்டுக்சிமாப்பும் இதே ஆபத்தைத் தரக்கூடியது. தவிர, சில இதய மருந்துகள், வலிப்பு மருந்துகள், காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், அமிலம் குறைக்கும் மாத்திரைகள் ஆகியவை வைரஸ் மருந்துகளோடு மோதக்கூடும். சாப்பிடும் எல்லா மருந்துகளின் பட்டியலையும் மருத்துவரிடம் காட்டுவது அவசியம்.

பரிசோதனை முடிவைப் படிப்பது

முதலில் ஆன்டிபாடி பரிசோதனை. இது பாசிட்டிவ் என்றால், எப்போதோ தொற்றியிருக்கிறது என்று மட்டுமே பொருள். தானாகவோ மருந்தாலோ குணமானவர்களிடமும் ஆன்டிபாடி நீண்ட காலம் தங்கும். இப்போது வைரஸ் இருக்கிறதா என்று சொல்வது ஆர்.என்.ஏ பரிசோதனை. சிகிச்சை முடிந்து 12 வாரங்களுக்குப் பிறகும் ஆர்.என்.ஏ தென்படாவிட்டால் குணமானதாகக் கொள்கிறார்கள்.

லிம்ஃபோமா நோயாளிகளிடம் ஒரு விதிவிலக்கு உண்டு. நோயாலோ சிகிச்சையாலோ எதிர்ப்பு சக்தி தளர்ந்தவர்களின் உடல் போதிய ஆன்டிபாடியைச் செய்யாமல் போகலாம். தொற்று இருந்தும் முதல் பரிசோதனை நெகட்டிவ் என்று வரும். சந்தேகம் இருந்தால் நேரடியாக ஆர்.என்.ஏ பரிசோதனை செய்துவிடுவதே சரி.

தொற்று நீங்கியவர் கவனிக்க வேண்டியவையும் உண்டு. ஒருமுறை வந்து போனது மறுதொற்றைத் தடுக்காது. கிரையோகுளோபுலின்கள் சிலரிடம் வைரஸ் போன பிறகும் நீடிக்கின்றன. அவர்களுக்குத் தொடர் கண்காணிப்பு வேண்டும். வலியில்லாமல் பெரிதாகிக்கொண்டே போகும் நெறி, இடது விலாவுக்குக் கீழே கனம், காரணமில்லாத எடைக் குறைவு, இரவில் உடை நனையும் வியர்வை ஆகியவை தென்பட்டால், பழைய தொற்றைப் பற்றிய விவரத்தோடு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பி செல் லிம்ஃபோமா என்று உறுதியாகி, கோப்பில் ஹெபடைடிஸ் சி முடிவு இல்லாமல் இருந்தால், சிகிச்சை தொடங்குவதற்கு முன் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் செய்தி அது.